மரத்தூர்களை அகற்றுதல்: யந்திரத்தை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, கூலிக்கு அமர்த்துவதா?

தருமபுரி ஜில்லா பாப்பிரெட்டிப்பட்டித் தாலுகாவைச் சேர்ந்த கடத்தூர்ப் பகுதியில், கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு தென்னை, பாக்கு, வெற்றிலை, மஞ்சள், கரும்பு முதலியவை பயிராகி வருகின்றன. மேட்டு நிலங்களிலும் வரப்போரங்களிலும் புளியும் மாவும் வேம்பும் நிற்கின்றன. 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதிலும் வழக்கமான அளவிற்கு 62 சதவிகிதம் குறைந்து பெய்தது. 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதத்திலேயே எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டனவென்று சர்க்கார் அறிவித்தனர். அவ்வறட்சியில் கிணறு வற்றிய தோட்டங்களில் தென்னைகள் கொண்டை சாய்ந்து பட்டுப்போயின. பட்ட மரத்தை வெட்டி விற்பதில் குடியானவர்களுக்குச் சிரமமில்லை. வியாபாரி தானே வந்து வெட்டிக்கொண்டு போவான். ஆனால் அவன் விட்டுச்செல்லும் தூர் நிலத்துக்குடையவருடைய பொறுப்பாகவே நின்றுவிடுகிறது. ஏரில் தட்டுவதும், பாத்தி கட்ட ஒட்டாமல் தடுப்பதும், புதுக் கன்று வைக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதும் அதுவே.

இத்தூர்களை அகற்றும் பொருட்டு யந்திரங்கள் பல இப்பொழுது கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்தவுடன், 'சொந்தத்தில் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?' என்னும் எண்ணம் பலருக்கு உண்டாகிறது. கடன் கொடுப்போரும் விற்போரும் அவ்வெண்ணத்தை வளர்ப்பார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னர் ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு எது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதற் கேள்வி: தூரை எடுக்கத்தான் வேண்டுமா?

செலவு கணக்கிடுமுன், எந்தத் தூரை எடுப்பது அவசியம், எதை விட்டுவைக்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். எல்லாத் தூர்களும் ஒரே தன்மையுடையன அல்ல.

தென்னை: தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடிப்பாகம் கிழங்கைப்போலப் பருத்து, அதிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் பக்கவாட்டில் ஓடுகின்றன. அடித்தண்டு மெதுவாக உளுத்து மட்குவது. மட்குங்காலத்தில்தான் தீங்கு விளைகிறது. காண்டாமிருக வண்டு உளுத்த தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிட்டுப் பெருகுகிறது. வளர்ந்த வண்டு பறந்து சென்று பக்கத்துத் தோட்டத்து மரங்களின் குருத்தைத் துளைக்கிறது; விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் தோன்றுவது அதன் அடையாளம். புதிதாக வெட்டிய தூரின் வாசனை சிவப்புக் கூன்வண்டையும் இழுக்கும். ஆகவே தென்னந்தூர் ஒருவருடைய நிலத்தில் இருந்தாலும் அதனால் வரும் நஷ்டம் ஊரார் அனைவருக்கும் உரியது.

நோயுற்ற தென்னை: தஞ்சாவூர் வாடல் என்று வழங்கும் அடித்தண்டழுகல் நோய், 1952-ஆம் வருஷத்துப் புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவில் கடுமையாகக் காணப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. மரத்தின் அடியில் செந்நிறச் சாறு வடிவதும், பிறகு காளான் முளைப்பதும் இதன் குறிகள். இந்நோயால் மாண்ட மரத்தின் தூரை ஒருபோதும் விட்டுவைக்கலாகாது. வேரோடு தோண்டியெடுத்துக் கொளுத்திவிட வேண்டும். நோய்ப்பூசணம் வேர்களில் தங்கியிருந்து மண்ணின் வழியே அடுத்த மரத்துக்குப் பரவுமாதலின், இத்தகைய தூரை மேலாகத் துருவி, துருவலை நிலத்தில் பரப்புவது நோயை விதைப்பதற்கே ஒப்பாகும்.

சீமைக் கருவேலும் தைலமரமும்: இவை வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. சீமைக் கருவேலின் துளிர்க்கும் கண்கள் தரைமட்டத்திற்குச் சற்றுக் கீழே, வேர் தொடங்கும் இடத்தில் உள்ளன. அவ்விடத்தை அப்புறப்படுத்தாமல் தரையோடு வெட்டினால் ஒரு மரத்திற்குப் பதில் பல கிளைகள் கிளம்பும். இவற்றில் அரைகுறை வேலை வீண்செலவேயாகும்.

புளி, மா, வேம்பு: இவை வரப்பில் நின்றவையாயின், தூரை விட்டுவைப்பதில் பெரிய நஷ்டமில்லை. மேலும் முற்றிய புளியின் அடிக்கட்டைக்குத் தனி விலையுண்டு. இறைச்சிக் கடைகளில் வெட்டும் கட்டையாக அதையே விரும்பி வாங்குவர். விலைபோகும் கட்டையைக் காசு கொடுத்துத் துருவித் தூளாக்குதல் புத்திசாலித்தனமாகாது. முதலில் கட்டை வாங்குவோரை விசாரிக்க வேண்டும்.

இனி, நோயில்லாத தென்னந்தோப்பில் மறுநடவு மட்டுமே செய்வதாயின், 25 அடி இடைவெளியில் நின்ற பழைய மரங்களின் நடுவே புதுக்குழி எடுத்துக் கன்று வைக்கலாம். தூர்களைத் தரைமட்டமாக அறுத்து, மண்ணிட்டு மூடி, வண்டு புகாமல் கவனித்தால் போதும். அவ்விடத்தில் ஏர் ஓட்டி மஞ்சளோ கரும்போ வைப்பதாயிருந்தால்தான் தூரை முழுதும் எடுப்பது இன்றியமையாததாகும்.

மூன்று வேலைமுறைகள்

கடப்பாரை, மண்வெட்டி, கோடாலி கொண்டு ஆட்களால் எடுப்பது பழைய முறை. வேலை சுத்தமாக நடக்கும்; பக்கத்துப் பயிருக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் சேதமிராது. காலமும் கூலியும் அதிகம்.

ஊரார் ஜே.சி.பி. என்று வழங்கும் மண் தோண்டும் யந்திரத்தைக் கொண்டு பெயர்த்தெடுப்பது இரண்டாவது முறை. தென்னைக்கு இதுவே மிகவும் ஏற்றது. ஆணிவேர் இல்லாமையால் சுற்றிலும் மண்ணை இளக்கியவுடன் தூர் கிழங்கைப்போல் கிளம்பிவிடும். இதிலுள்ள குறை, பெரிய பள்ளம் விழுவதும், அடிமண் மேலே வந்துவிடுவதும், பெயர்த்த தூரை ஓரிடத்தில் குவித்து அழிக்க வேண்டியிருப்பதுமாம். நோயில்லாத தூரைக்கூடக் குவியலாகப் போட்டுவைத்தால் வண்டுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம்.

மூன்றாவது, ஸ்டம்ப் கிரைண்டர் என்னும் தூர் துருவும் யந்திரம். கடினமான உலோகப் பற்கள் பதித்த சக்கரமொன்று வேகமாகச் சுழன்றபடி தூரின்மேல் இடமும் வலமுமாக நகர்ந்து, கட்டையைச் சிறிது சிறிதாகச் சீவித் தூளாக்குகிறது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்து வெர்மீர் கம்பெனியார் 1957-ஆம் வருஷத்தில் இத்தகைய யந்திரமொன்றைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். தனி எஞ்சின் உடையனவும், டிராக்டரின் பின்புறம் இணைத்து ஓட்டத்தக்கனவும் இப்பொழுது உண்டு. பள்ளம் பெரிதாக விழாது, தூர் குவியாது, வீடு, மதில், குழாய் அருகே செய்யவும் வசதி. ஆயினும் மூன்று விஷயங்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சாதாரணமாக இது தரைக்குக் கீழே ஓரடி அளவே துருவும்; அதற்குக் கீழுள்ள வேர் மண்ணிலேயே நிற்கும். இரண்டு, கடத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் சரளையும் கல்லும் கலந்திருப்பதால் பற்கள் விரைவில் மழுங்கும். பற்களை மாற்றும் செலவைக் கணக்கில் விடலாகாது. மூன்று, தென்னையின் நார் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் இயல்புடையது. அடிக்கடி நிறுத்தி எடுக்க நேரிடும். வைரம் பாய்ந்த கட்டைக்கு இந்த யந்திரம் பொருத்தமானது. தென்னைக்கு அவ்வளவு பொருத்தமன்று.

துருவலை மண்ணோடு கலந்து உழுதால், அது மட்கும்வரை மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், முதற்பயிர் வெளுக்கும். நோயற்ற மரத்தின் துருவலை மரங்களைச் சுற்றி மூடாக்காகப் பரப்புவதே மேல். உழவேண்டியிருந்தால் சற்று அதிகமாகத் தழைச்சத்து இடவேண்டும்.

மரத்தை வெட்டுமுன்பே தீர்மானித்தல்

இங்கே அநேகர் கவனியாத ஒரு விஷயம் உண்டு. வியாபாரி மரத்தைத் தரையோடு வெட்டிக்கொண்டு போனபின் தூரை எடுப்பதற்கும், மரம் நிற்கும்பொழுதே யந்திரத்தால் வேரைத் தளர்த்தி மரத்தையும் தூரையும் சேர்த்துச் சாய்ப்பதற்கும் செலவில் வித்தியாசம் மிகுதி. நெடிய தண்டு நெம்புகோலைப்போல் வேலை செய்து, தன் தூரைத் தானே பெயர்த்துவிடும். அவ்வாறு சாய்க்க இடமில்லாமல் முன்னரே வெட்டவேண்டியிருந்தாலும், மூன்று நான்கடி தண்டை விட்டு வெட்டினால் யந்திரத்துக்குப் பிடி கிடைக்கும். மின்கம்பி, வீடு, பாதை அருகிலுள்ள மரங்களை மட்டும் மேலிருந்து துண்டு துண்டாக அறுத்தே இறக்க வேண்டும். ஆகவே மரத்தை விலைபேசும் அன்றே தூரைப்பற்றியும் வியாபாரியிடம் பேசி, தூரோடு எடுத்துக்கொண்டு போனால் விலையில் எவ்வளவு குறைப்பான் என்று கேட்டுப் பார்ப்பது லாபகரமானது.

மூன்று ஏற்பாடுகளின் பொருள்

விலைக்கு வாங்குதல் என்றால், யந்திரத்தின் முதலும், அதன்மீது வட்டியும், வருஷந்தோறும் தேயும் மதிப்பும், கொட்டகையும், பழுதும் நம்மைச் சேர்ந்தன. யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இச்செலவுகள் நிற்பதில்லை.

வாடகைக்கு எடுத்தல் என்றால், யந்திரத்தை மட்டும் ஒருநாளோ சிலநாட்களோ பெற்று, ஓட்டும் ஆளையும் எண்ணெயையும் நாமே அமைத்துக்கொள்வது. பழக்கமில்லாதவர் கையில் தூர் துருவும் யந்திரம் மிகவும் அபாயகரமானது. சிம்புகளும் கற்களும் துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். ஓடும் டிராக்டரின் சுழல்தண்டில் வேட்டியோ துண்டோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பழகிய ஆள் இல்லாதவர்கள் இவ்வழியை நாடலாகாது.

கூலிக்கு அமர்த்துதல் என்றால், யந்திரமும் ஓட்டுகிறவரும் எண்ணெயும் சேர்ந்து மணிக்கு இவ்வளவு என்றோ, தூருக்கு இவ்வளவு என்றோ பேசிக்கொள்வது. தனியார் யந்திரங்களைத் தவிர, தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையாரும் டிராக்டர், மண் தள்ளும் யந்திரம், மண் தோண்டும் யந்திரம் முதலியவற்றை சர்க்கார் நிர்ணயித்த மணி வாடகைக்கு விவசாயிகளுக்கு அனுப்புகின்றனர். அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலாவது, இ-வாடகை என்னும் செல்பேசிச் செயலி மூலமாவது பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவர்களுக்கு வரிசைப்படியே யந்திரம் வருமாதலின், விதைப்புக் காலத்திற்குப் பலநாள் முன்னதாகவே பதிவு செய்வது நலம்.

கணக்கு

கீழே காட்டப்பட்டுள்ள தொகைகள் கணக்கு விளங்கும்பொருட்டு வைத்துக்கொண்ட உத்தேச எண்களேயாகும். ஒவ்வொருவரும் தம் ஊரில் விசாரித்து அறிந்த தொகையை அவ்வவ்விடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு 2 ஏக்கர் தென்னந்தோப்பு. ஏக்கருக்கு 70 வீதம் 140 மரங்களில் 60 பட்டுப்போய்த் தூராக நிற்கின்றன என்று கொள்வோம்.

ஆட்களால் எடுத்தால்: தூர் ஒன்றைத் தோண்டி, பள்ளத்தையும் மூட ஓராள் வேலை, கூலி ரூ.700. 60 தூருக்கு ரூ.42,000.

மண் தோண்டும் யந்திரத்தைக் கூலிக்கு அமர்த்தினால்: மணிக்கு 4 தூர் வீதம் 15 மணி, மணிக்கு ரூ.1,200 வீதம் ரூ.18,000. பள்ளங்களை மூட 3 மணி, ரூ.3,600. யந்திரம் வந்துபோகும் செலவு ரூ.1,500. ஆக ரூ.23,100.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால், யந்திரத்தால் தூருக்கு ரூ.360-ம், ஆளால் ரூ.700-ம் ஆகின்றன. தூர் ஒன்றுக்கு ரூ.340 மிச்சம். வந்துபோகும் செலவாகிய ரூ.1,500-ஐ இம்மிச்சத்தால் வகுத்தால் 4-க்கு மேல் 5-க்குள் வருகிறது. ஆகவே ஐந்து தூருக்கு மேற்பட்டால் யந்திரமும், அதற்குட்பட்டால் ஆட்களும் சிக்கனம் என்பது இந்த எண்களின்படி பெறப்படும் முடிவு. யந்திரத்தார் குறைந்தது இத்தனை மணிக்குக் கூலி தரவேண்டுமென்று நிபந்தனை விதித்தால் இவ்வெல்லை சற்று உயரும்.

இனிச் சொந்த யந்திரம். டிராக்டரில் இணைக்கும் தூர் துருவும் யந்திரத்தின் விலை ரூ.3,00,000 என்றும், 8 வருஷம் உழைத்தபின் ரூ.60,000-க்கு விற்கும் என்றும், வட்டி 10 சதவிகிதம் என்றும் வைத்துக்கொள்வோம்.

தேய்மானம்: ரூ.2,40,000-ஐ 8-ஆல் வகுக்க, வருஷத்துக்கு ரூ.30,000.
வட்டி: தொடக்க மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் சராசரியாகிய ரூ.1,80,000-க்கு ரூ.18,000.
கொட்டகை, காப்பீடு முதலியன: ரூ.6,000.
ஆக வருஷத்து நிலைச்செலவு ரூ.54,000.

இதனோடு, ஓடும் ஒவ்வொரு மணிக்கும் எண்ணெய், ஆள், பற்கள் ஆகியவற்றுக்கு ரூ.700 என்று கொள்க. இதே யந்திரத்தைப் பிறரிடம் கூலிக்கு அமர்த்தினால் மணிக்கு ரூ.1,300 என்று கொண்டால், சொந்தத்தில் ஓட்டுவதால் மணிக்கு ரூ.600 மிச்சமாகிறது. நிலைச்செலவாகிய ரூ.54,000-ஐ இம்மிச்சத்தால் வகுத்தால் 90 வருகிறது. அதாவது, வருஷத்தில் 90 மணிநேரம் வேலையிருந்தால்தான் வாங்கினவருக்கும் கூலிக்கு அமர்த்தினவருக்கும் செலவு சமமாகும். மணிக்கு 4 தூர் வீதம் 90 மணிக்கு 360 தூர். ஏக்கருக்கு 70 மரம் வீதம் ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட தோப்பு முழுவதும் தூராக நிற்கவேண்டும். அதுவும் ஒவ்வொரு வருஷமும் நிற்கவேண்டும்!

நாம் எடுத்துக்கொண்டவருக்கு 60 தூர், அதாவது 15 மணி வேலை. வாங்கினால் அவ்வருஷத்துச் செலவு ரூ.54,000-ம் ரூ.10,500-ம் சேர்ந்து ரூ.64,500. அதே யந்திரத்தைக் கூலிக்கு அமர்த்தினால் ரூ.19,500. வித்தியாசம் ரூ.45,000.

'மானியம் கிடைக்குமே' என்று சிலர் சொல்லலாம். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் உப-இயக்கத்தின் கீழ், பட்டியலிற் கண்ட யந்திரங்களுக்கு 40 முதல் 50 சதவிகிதம் வரை மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. நாம் வாங்க நினைக்கும் யந்திரம் அப்பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். பாதி விலை மானியமாகவே கிடைத்தாலும் கணக்கு இவ்வாறாகும்: கைமுதல் ரூ.1,50,000, தேய்மானம் ரூ.11,250, வட்டி ரூ.10,500, ஏனைய செலவு ரூ.6,000, ஆக ரூ.27,750. இதை 600-ஆல் வகுக்க 46 மணிக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 185 தூர். மானியம் எல்லையைப் பாதியாகக் குறைத்ததே தவிர, 60 தூர் உடையவரை எல்லைக்கு உட்படுத்தவில்லை.

தூர் வேலையின் தனித்தன்மை

ஏர், பம்பு, தெளிப்பான் முதலியவற்றுக்கு வருஷந்தோறும் வேலையுண்டு. தூர் வேலையோ, செய்து முடித்தவுடன் தீர்ந்துபோவது. இவ்வருஷம் அறுபது தூரை எடுத்த நிலத்தில் அடுத்த வருஷம் எடுக்க ஒன்றும் இராது. ஆனால் யந்திரத்தின் வட்டியும் தேய்மானமும் எட்டு வருஷமும் ஓடும். கூட்டாகச் சேர்ந்து வாங்குவோரும் இதை மறத்தலாகாது. ஆறு பேர் சேர்ந்து தலைக்கு அறுபது தூர் வைத்திருந்தால் முதல் வருஷத்து 90 மணி நிறைந்துவிடும்; இரண்டாம் வருஷத்து வேலை எங்கேயிருந்து வரும்? பல ஊர்களுக்கும் சென்று கூலிக்கு ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தார் நடத்தும் யந்திர வாடகை மையத்திற்குமே இதை வாங்குவது தகும்.

பெரிய அளவிலும் இவ்வுண்மையே கையாளப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின், மத்திய இந்தியாவில் காஸ் என்னும் ஆழவேர்ப்புல் படர்ந்து தரிசாய்க் கிடந்த நிலங்களைத் திருத்தும்பொருட்டு இந்திய சர்க்கார் மத்திய டிராக்டர் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினர். யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க டிராக்டர்கள் அதில் முதலில் உபயோகிக்கப்பட்டன. 1949-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் உலக வங்கி இவ்வேலைக்கான யந்திரங்கள் வாங்க ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. ஒருமுறை மட்டுமே செய்யவேண்டிய நிலத்திருத்த வேலைக்குக் குடியானவர் ஒவ்வொருவரும் யந்திரம் வாங்குவதென்ற பேச்சே அங்கு எழவில்லை. பொது ஸ்தாபனத்தின் யந்திரம் நிலத்துக்கு நிலம் சென்றது.

பேசி முடிக்கவேண்டிய நிபந்தனைகள்

கூலிக்கு அமர்த்துவதே பெரும்பாலோருக்கு உகந்தது என்று கண்டோம். அதிலும் பேச்சுத் தெளிவில்லாவிட்டால் மிச்சமெல்லாம் கரைந்துபோகும். பின்வருவனவற்றை வேலை தொடங்குமுன் பேசிக்கொள்க.

1. மணிக்கணக்கு யந்திரம் புறப்பட்ட இடத்திலிருந்தா, நிலத்தில் வேலை தொடங்கியதிலிருந்தா? மணிகாட்டியின் எண்ணை இருதரத்தாரும் பார்த்து எழுதிக்கொள்க.

2. தூருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தமாயின், எவ்வளவு ஆழம்? பள்ளத்தை மூடுவதும் தூரை ஒதுக்குவதும் அதில் அடங்குமா? சிறு தூரும் பெருந்தூரும் கலந்திருந்தால் தூர்க்கணக்கும், ஒரே அளவாயும் நெருங்கியும் இருந்தால் மணிக்கணக்கும் பெரும்பாலும் நமக்கு அனுகூலம்.

3. யந்திரம் பழுதுபட்டு நின்ற நேரம் யார் கணக்கு?

4. நிலத்தடியில் செல்லும் நீர்க்குழாய், மின்கம்பி இருக்குமிடங்களை முன்னதாகவே கொம்பு நட்டுக் காட்டுக. காட்டியபின் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் பேசிக்கொள்க.

5. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, அடிமண்ணைப் பள்ளத்தில் முதலிலும் மேல்மண்ணைக் கடைசியிலும் இட்டு மூடச் சொல்க. இதற்காகும் சிறு நேரம் முதற்பயிரிலேயே திரும்பக் கிடைக்கும்.

காலத்தையும் கருதவேண்டும். கோடைமழை ஒன்றிரண்டு பெய்து செம்மண் இளகியிருக்கும் நாட்கள் ஏற்றவை. காய்ந்து இறுகிய நிலத்தில் நேரம் அதிகமாகும். சேறான நிலத்தில் சக்கரம் புதையும். ஆனி, ஆடியில் தென்னங்கன்று நடுவோர் வைகாசிக்குள் இவ்வேலையை முடித்துக்கொண்டால், குழி ஆறுவதற்கும் அவகாசம் கிடைக்கும்.

பக்கத்துப் பக்கத்து நிலத்தார் நாலைந்து பேர் ஒரே நாளில் சேர்ந்து அமர்த்தினால், யந்திரம் வந்துபோகும் செலவு பங்காகிவிடும். பத்துத் தூர் உடைய சிறு நிலத்தாருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கிராமாதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

தூர் யாருடையது என்பது முதலாவது விஷயம். பட்டா நிலத்து மரம் பட்டாதாரருக்கு உரியது; புறம்போக்கிலுள்ள மரத்தைச் சர்க்கார் அநுமதியின்றித் தொடலாகாது. பனையை வெட்ட ஜில்லாக் கலெக்டரின் அநுமதி அவசியமென்று 2021-ஆம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தனம் போன்ற மரங்களுக்கு வன இலாகாவின் விதிகள் உண்டு. யந்திரம் வந்து நின்றபின் இவற்றை விசாரிப்பதால் மணிக்கூலி வீணாகும்.

இரண்டாவது, எல்லைக்கற்கள். வரப்போரத்துத் தூரைப் பெயர்க்கும்பொழுது சர்வேக் கல் அசைந்துவிடுவது சகஜம். 1923-ஆம் வருஷத்து அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி கற்களைப் பேணுவது நிலத்துக்குடையவரின் கடமை. வேலைக்கு முன் கற்களைச் சுற்றிக் கொம்பு நட்டு அடையாளமிடச் சொல்வது, பின்னால் வரும் வழக்குகளைத் தடுக்கும்.

மூன்றாவது, எண்ணிக்கை. பட்ட மரங்களின் தொகை அடங்கலில் சரியாகப் பதிவாகியிருந்தால்தான், ஆபத்துக் காலத்தில் நிவாரணம் கணக்கிட ஆதாரமுண்டு. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபின், விழுந்த தென்னை ஒன்றுக்கு ரூ.600-ம், அதை வெட்டி அகற்ற ரூ.500-ம் ஆக ரூ.1,100 வழங்குவதாகச் சர்க்கார் அறிவித்தனர். மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி, அகற்றும் செலவுக்கே ஒதுக்கப்பட்டதைக் காண்க. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவுத் திட்டத்திலும் பட்ட மரத்தை வெட்டி அகற்ற உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. இத்தகைய உதவி நடப்பில் உள்ளதா என்பதை விசாரித்து, வேலைக்கு முன்னரே விண்ணப்பிக்கும்படி குடிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தூரை எடுத்துவிட்டபின் தணிக்கை செய்ய அடையாளமிராது.

நோய்க்குறி கண்ட மரங்களைப்பற்றி ஐயமிருந்தால், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ உள்ளூர்த் தோட்டக்கலை அதிகாரிகளையோ கேட்டு நிச்சயித்துக்கொள்வது தக்கது.

முடிவு

ஐந்து தூருக்குட்பட்டால் ஆட்கள். அதற்கு மேற்பட்டால் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கூலிக்கு அமர்த்திய யந்திரம். பழகிய ஆளும் சொந்த டிராக்டரும் உடையவருக்கு வாடகை. பிறருக்குக் கூலிக்கு ஓட்டுவதையே தொழிலாகக் கொள்வோருக்கு மட்டும் சொந்த யந்திரம். உத்தேச எண்களிலிருந்து பெறப்பட்ட விதி இதுவாயினும், அவரவர் ஊர் எண்களை இட்டுச் சரிபார்த்தல் ஒவ்வொருவர் கடமையாகும்.

பயிற்சிக் கணக்கு: ஒருவருடைய 4 ஏக்கர் நிலத்தில் 120 தூர்கள் உள்ளன. மேற்கண்ட தொகைகளின்படி, தூர் துருவும் யந்திரத்தை மானியமின்றி வாங்கினால் முதல் வருஷத்தில் அவருக்கு ஆகும் செலவு எவ்வளவு? கூலிக்கு அமர்த்தினால் எவ்வளவு?

விடை: 30 மணி வேலை. வாங்கினால் ரூ.54,000-ம் ரூ.21,000-ம் சேர்ந்து ரூ.75,000. கூலிக்கு அமர்த்தினால் ரூ.39,000. மிச்சமாகும் ரூ.36,000-ஐக் கொண்டு அந்நிலத்தில் கன்று நட்டு, எருவிட்டு, சொட்டுநீர்க் குழாயைச் செப்பனிடலாம்.